எண்பத்து நான்கு சென்டிமீட்டர்

என் அம்மா அமுதவல்லி, ஏரியூருக்கு அருகே ஒரு கிராமத்து அங்கன்வாடியில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாளராக இருந்தார். ஊருக்கு அவர் டீச்சர். இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு என்று எழுதிக் கொடுத்தார்கள். வயது ஐம்பத்தேழு.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு கருவி காட்டும் எண் உண்மைதானா என்று பார்ப்பது என் பொறுப்பு. இதைச் சொல்லாமல் அம்மாவைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அப்பா லாரி விபத்தில் இறந்த மறு வருடம் அம்மாவுக்கு இந்த வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்பு வரை படித்திருந்தார். மகளான எனக்கு அப்போது நான்கு வயது. அவருடைய மையத்தில் நானும் ஒரு பிள்ளை. ஒன்பது மணிமுதல் நான்கு மணிவரை நானும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். தப்பித்தவறி அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

மையம் என்பது ஒரே அறை, பின்னால் சிறிய சமையலறை. அடுத்த சுவர் தொடக்கப்பள்ளி. இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள். சமையலுக்கும் பிள்ளைகளைக் கவனிக்கவும் உதவியாளராக மாதம்மாள். பிள்ளைகள் அவரை ஆயா என்பார்கள்.

அம்மாவின் மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் நடக்க முடியாத, பேச்சு வராத பிள்ளை இருந்தால், பெயரைப் பதிவேட்டில் சேர்ப்பார். பிள்ளையைச் சேர்க்க மாட்டார். மதியச் சாப்பாடும் முட்டையும் தூக்குப் போசியில் வீட்டுக்குப் போகும். மழையானாலும் மாதம்மாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். இருபத்தைந்து வருடத்தில் அப்படி நான்கு பிள்ளைகள். ஒரு நாள்கூட ஒரு பிள்ளைக்கும் சாப்பாடு தவறியதில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வார். ஊரும் அதை இரக்கம் என்றே எடுத்துக்கொண்டது. நானும்தான்.

ஐந்தாவது பிள்ளை வெண்மதி.

அவள் 2020 ஆகஸ்டில் பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை. மூளை முடக்குவாதம் என்றார்கள். கழுத்து நிற்கவே இரண்டு வயதானது. முழங்கால்கள் எப்போதும் மடங்கியே இருக்கும், இழுத்தாலும் நீளாது. பேச்சு இல்லை. ஆனால் வந்தது யார், போனது யார் என்று நன்றாகத் தெரியும். அவளுடைய அப்பா சென்றாயன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். தாய் நிர்மலாதேவி இரண்டு மாடுகளையும் இந்தப் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தார்.

2023 ஜூனில் நிர்மலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வந்தார். அம்மா வழக்கம்போலப் பெயரை எழுதிக்கொண்டு, நாளையிலிருந்து சாப்பாடு வீட்டுக்கே வரும் என்றார்.

"சாப்பாடு எங்கூட்ல இருக்குதுங்க டீச்சர்" என்றாராம் நிர்மலா. "அவளுக்கு உக்கார ஒரு எடம் குடுங்க."

அம்மா மறுத்துவிட்டார். விழுந்தால், புரை ஏறினால் யார் பதில் சொல்வது என்பது அவருடைய பயம். மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்ற பயமும் இருந்தது. நிர்மலா எதிர்த்துப் பேசவில்லை. எட்டு மாதம் போசி அந்த வீட்டுக்குப் போய் வந்தது.

மாதம் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் எடையும் உயரமும் எடுத்து, கைபேசியில் உள்ள செயலியில் ஏற்ற வேண்டும்; எடை போதுமென்றால் அது பச்சை காட்டும். அன்று மட்டும் வெண்மதியும் வருவாள். 2024 பிப்ரவரியில் அப்படி ஒரு நாள், செயலி மூன்று மணி நேரம் திறக்கவே இல்லை. நிர்மலா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். வெண்மதி பாயில் கிடந்தாள். பிள்ளைகள் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பஸ் விளையாடின. இவளை என்னவாக வைப்பது என்று பேச்சு வந்திருக்கிறது. ஓட முடியாது, அதனால் டிரைவர் ஆக முடியாது. விசில் ஊத முடியாது, கண்டக்டரும் ஆக முடியாது. கடைசியில் ஒரு பெண் பிள்ளை தீர்மானித்தது.

"இவ பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு."

அதன்பிறகு எல்லா பஸ்ஸும் அறையைச் சுற்றிவிட்டு அவளிடம்தான் வந்து நின்றன. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் பக்கத்தில் ஒருவன் டீக்கடை போட்டான். ஒவ்வொரு பஸ் வரும்போதும் அவள் உடம்பு முழுக்க விறைத்துச் சிரித்தாள். அன்று மாலை அம்மா இதை எனக்குப் போனில் சொல்லும்போது அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்.

"நிர்மலா வந்து தூக்கிட்டுப் போயிருச்சு பாப்பா. ஸ்டாண்டு போனப்பறம் பசங்களுக்கு வெளையாட்டே ஓடல."

மறுநாள் காலை அம்மா அந்த வீட்டுக்குப் போய் வெண்மதியை அழைத்துவந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருநாள் வரும் இயன்முறைப் பயிற்சியாளர், இரண்டு சுவர் சேரும் மூலையில் அவளை உட்காரவைக்கச் சொல்லிக் கொடுத்தார். முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய பழைய சேலை, இடுப்புக்கு இரண்டு பக்கமும் மணல் பை. அந்த மூலையிலிருந்து அவளுக்கு அறை முழுவதும் தெரியும். எந்தப் பிள்ளை அழுதாலும் முதலில் திரும்புவது அவள் தலைதான் என்று அம்மா சொன்னார். மதியம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு, பருப்புச் சோற்றைக் குழைத்து ஊட்டுவார். அந்த வட்டத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். "எல்லாரோடயும் சேந்து சாப்புடறா பாரு" என்று கீழே எழுதியிருந்தார்.

அக்டோபரில் ஒரு நாற்காலி செய்து தர முடியுமா என்று கேட்டார். மூன்று அளவுகள் அனுப்பச் சொன்னேன். உட்காரும் இடத்திலிருந்து உச்சந்தலை வரை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை. முழங்காலிலிருந்து குதிகால் வரை. தையல் நாடாவால் அளந்து அனுப்பினார். 53, 20, 21. ஒட்டுப்பலகையில் செய்து, இடுப்புக்கும் மார்புக்கும் பட்டை வைத்து, தருமபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சரியாகப் பொருந்தியது. எனக்கு அதில் மகிழ்ச்சி.

நவம்பரில் ஒரு நாள் வேலை நேரத்தில் கூப்பிட்டார். வழக்கமாக அப்படிக் கூப்பிட மாட்டார்.

"புள்ளயத் தூக்கறப்ப லேசா இருக்கற மாதிரி தெரியுது பாப்பா. ஆப்புல பச்சதான் காட்டுது. எத நம்பறது?"

என் முன்னால் ஒரு தணிக்கைக்கான கோப்புகள் கிடந்தன.

"கை என்ன தராசாம்மா? கருவி காட்டறத நம்பு."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டார்.

உயரத்தை எப்படி எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எந்த எண்ணைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். அம்மாவிடம் கேட்கவில்லை.

டிசம்பர் நடுவில் வெண்மதிக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கியது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் போயிருக்கலாம் என்றார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனபோது அம்மாவும் நிர்மலாவும் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் இளம்பெண். வெண்மதியின் மேல் கையில் ஒரு நாடாவைச் சுற்றினார். அது சிவப்பில் நின்றது. கடுமையான மெலிவு, பல மாதமாக இருந்திருக்க வேண்டும் என்றார். அம்மா தன் கைபேசியை நீட்டி, செயலியில் பச்சை என்றார். டாக்டர் திரையைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை.

"உயரம் எண்பத்து நாலுன்னு இருக்கே. எப்படி அளந்தீங்கம்மா?"

நிற்க முடியாத பிள்ளை என்பதால், கைக்குழந்தைகளைப் படுக்கவைத்து அளக்கும் பலகையில் வைத்து அளந்ததாக அம்மா சொன்னார். மடங்கிய கால்களோடு. கால் பலகையை எங்கே பாதம் தொட்டதோ, அங்கே வரை.

அதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுத்தான் செயலி மெலிவைச் சொல்கிறது. 10.3 கிலோ, 84 சென்டிமீட்டர் பிள்ளைக்குப் போதுமான எடை. 94 சென்டிமீட்டர் பிள்ளைக்கு அது பட்டினி. கால் மடங்கியதால் குறைந்த பத்து சென்டிமீட்டர், அவளுடைய பட்டினியைப் பச்சையாக்கிவிட்டது. வயதுக்கு மிகவும் குட்டை என்று செயலி காட்டாமல் இல்லை. இந்த மாதிரிப் பிள்ளைகள் குட்டையாகத்தான் இருக்கும் என்று அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வராந்தாவில் நின்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். 53, 20, 21. கூட்டினால் 94. துல்லியமான முறை அல்ல. ஆனால் பத்து சென்டிமீட்டர் பிழையைக் கண்டுபிடிக்க அது போதும். இரண்டு மாதமாக அந்த எண்கள் என் கைபேசியில்தான் இருந்தன. அவற்றை வைத்துத்தான் பலகை அறுத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "நீ எங்க பாத்த சாமி? அளந்தது நாந்தான" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

பதினாறு நாள் கழித்து வெண்மதி வீடு திரும்பினாள். மறுநாளே அம்மா அங்கே போனார். நானும் கூட இருந்தேன். நிர்மலா அப்போது இரண்டாவது பிள்ளை உண்டாகி மூன்று மாதம். உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"அவசரப்படுத்திட்டேன் நிர்மலா. இருவது புள்ளைங்க தட்டு ஏந்தி நிக்கும். இருவது நிமிசத்துல ஊட்டி முடிச்சிருவேன். வாயத் தொறந்தா போதும்னு ஊட்டினேன்."

நிர்மலா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் வூட்ல ஒரு மணி நேரம் ஊட்டுவேங்க. அத உங்ககிட்ட சொல்லல. சொன்னா சேத்துக்க மாட்டீங்கன்னு பயம். எல்லாத்தையும் சாப்புடுவா, ஒரு தொந்தரவும் இல்லன்னு பொய் சொல்லித்தான விட்டேன்."

அதன்பின் இருவரும் அழுதார்கள். நான் வெளியே வந்து மாட்டுக் கொட்டகை பக்கம் நின்றேன்.

ஆனால் நிர்மலா பிள்ளையை அனுப்பவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. தினமும் நான்கரை மணிக்கு மையத்தைப் பூட்டிவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போனார். வெண்மதியை நிமிர்த்தி உட்காரவைப்பது, தாடையைக் கீழிருந்து தாங்குவது, விழுங்கும்வரை அடுத்த வாய் கொடுக்காமல் காத்திருப்பது எல்லாவற்றையும் நிர்மலாவிடம் கற்றுக்கொண்டார். ஏழு வாரம். ஒருநாள் மாலை அவர் கிளம்பும்போது நிர்மலா, "காலையில வந்து தூக்கிட்டுப் போங்க டீச்சர்" என்றார். அம்மா எனக்குப் போன் செய்து இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னார்.

2025 மார்ச்சிலிருந்து அம்மா தினமும் காலை எட்டே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் நின்றார். அரை கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு நடப்பார். ஜூனில் நிர்மலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது, எட்டாம் மாதத்திலேயே. அதன்பிறகு அம்மா வராவிட்டால் வெண்மதி வர வழியே இல்லை என்றானது. பதினொரு மணிக்கே, மற்றவர்களுக்கு முன்னால், அவளுக்குத் தனியாகச் சாப்பாடு. ஐம்பது நிமிடம். அந்த நேரம் முழுக்க அம்மா ஊட்டிக்கொண்டே பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், பிள்ளைகள் சுற்றி நின்று பாடும். உயரத்தை நான் சொன்ன முறையில் மூன்று துண்டாக அளந்து ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்தார்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. குள்ளம்மாள் என்ற பெண்ணின் இரட்டைப் பையன்கள் அங்கே படித்தார்கள். அவர் ஒருநாள் வாசலில் நின்றபடி, "டீச்சரு வேல போயி ஒத்தப் புள்ளைக்கு ஆயா வேலயா ஆயிருச்சா?" என்று கேட்டார். உள்ளிருந்து மாதம்மாள், "ஆயா வேலைன்னா அவ்ளோ எளப்பமா?" என்று கேட்க, அதோடு பேச்சு நின்றது. அடுத்த வாரம் அந்த இரட்டையர்கள் வேனில் தனியார் பள்ளிக்குப் போனார்கள். அம்மா வருத்தப்பட்டார். ஆனால் பதினொரு மணிச் சாப்பாட்டை மாற்றவில்லை.

அவர் மனத்தில் ஒரு தேதி இருந்தது. 2026 ஜூன். வெண்மதி அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம், தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். தலைமையாசிரியரிடம் பேசியிருந்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகி, தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் தனக்கு ஒன்றும் தடையில்லை என்று அவர் சொல்லியிருந்தார். தொடர்ந்து என்ற சொல்லை அம்மா பிடித்துக்கொண்டார். பொங்கல் விடுமுறையில் நான் கூப்பிட்டும் ஓசூருக்கு வரவில்லை. விடுமுறை முடிந்த முதல் நாள் பிள்ளை வராமல் போய்விடக் கூடாது என்றார். அந்த விடுமுறை முடிந்து ஒரு வாரத்தில் இறந்தார்.

அடக்கம் முடிந்து வீட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தபோது யாரோ சொன்னார்கள், அந்தப் பிள்ளையைத் தூக்கித் தூக்கித்தான் டீச்சர் போய்விட்டார் என்று. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சாவு வீட்டில் ஒரு காரணம் தேவைப்படுகிறது. நிர்மலா கைக்குழந்தையோடு கதவருகே நின்றிருந்தார். அப்படியே வெளியே இறங்கிப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் முடிந்ததும், மையத்தின் சாவியையும் அலுவலகக் கைபேசியையும் ஒப்படைக்கப் போனேன். பக்கத்து ஊர் மையத்தின் பணியாளர் பானுமதி, இதையும் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் நாற்காலி காலியாக இருந்தது. வெண்மதி வருவதில்லையா என்று கேட்டேன்.

"சாப்பாட்ட வூட்டுக்கே அனுப்பிடறோங்க" என்றார்.

அவரே தொடர்ந்தார். "எனக்கு ரெண்டு சென்டரு. பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க. மாதம்மா அடுப்பப் பாக்கும், புள்ளைங்களப் பாக்கும். ஒரு மணி நேரம் யாருங்க ஒக்காந்து ஊட்டறது? முன்ன மாதிரி புரை ஏறிட்டா என்ன பண்ணுவேன் சொல்லுங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. வேகமாக ஊட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜூனுக்கு நான்கு மாதம் இருந்தது.

அங்கிருந்து நிர்மலா வீட்டுக்குப் போனேன். வெண்மதி கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெனமும் எட்டே முக்கால்ல இருந்து இப்டித்தாங்க பாக்கறா" என்றார் நிர்மலா. "நேரம் எப்படித் தெரியுதுன்னு தெரியல. டீச்சர் இல்லன்னு இவளுக்கு எப்படிச் சொல்றதுங்க?"

எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குப் பதினொரு வருடமாக இரத்த அழுத்தம் இருந்தது. மருந்துக் கடைச் சீட்டுகளைப் பார்த்தேன். கடைசி ஐந்து மாதத்தில் இரண்டு மாதத்துக்குத்தான் மாத்திரை வாங்கியிருக்கிறார். வீட்டில் இருக்கும் கருவியில் கடைசியாகப் பதிவான அளவு 186, 112. பன்னிரண்டு கிலோ பிள்ளையைத் தூக்கியதால் இது வராது. இப்படி எண்களாகச் சொன்னேன். நிர்மலா கடைசிவரை கேட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எட்டே முக்காலுக்கு நான் போய் வெண்மதியைத் தூக்கினேன். இடது பக்கமாகச் சாய்வாள் என்று நிர்மலா சொல்லிக் கொடுத்தார். பாதி வழியில் என் கை மரத்துப்போனது. இதை அம்மா ஏறக்குறைய ஒரு வருடம் செய்திருக்கிறார்.

பானுமதி எங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க இருக்கற வரைக்கும் இருக்கட்டுங்க. நீங்க போயிட்டா என்னால முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

பதினொரு மணிக்கு ஊட்ட உட்கார்ந்தேன். எழுபது நிமிடம் ஆனது. பாதி என் துப்பட்டாவில். எனக்குப் பாட்டு வராது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, டீச்சர் பாடும் வரிசையில் தாங்களாகவே பாடத் தொடங்கின. வெண்மதி விழுங்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அடுத்த வாய்க்கு நான் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வரை விடுப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை வரை தூக்கிக்கொண்டு போனேன். கடைசி நாள் நாற்காலியின் கால்மேடையை ஒரு துளை இறக்கினேன், வளர்ந்திருந்தாள். மாலையில் வீட்டில் விட்டபோது, இனி எப்போது வருவீர்கள் என்று நிர்மலா கேட்டார். உகாதி விடுமுறைக்கு என்றேன்.

திங்கட்கிழமை நான் ஓசூரில் வேலையில் இருந்தேன். பதினொன்றரைக்கு மாதம்மாள் போன் செய்தார். நிர்மலா இடுப்பில் கைக்குழந்தையும் தோளில் வெண்மதியுமாக மையத்து வாசல்வரை நடந்தே வந்துவிட்டாராம். பானுமதி அடுத்த ஊரில் இருந்திருக்கிறார். மாதம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, வெண்மதியை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைப் போட்டாராம்.

"ஒரு மணி நேரம் வெச்சிருந்தேன் கண்ணு" என்றார். "அதுக்கு மேல முடியல."